கோமதியம்மாவுக்குப் பதிலா

பேசக் கூடாதுங்க மேடம். மூஞ்சிக்குப் பேக் போட்டாச்சு. இது காயற வரைக்கும் வாயைத் தொறந்தீங்கன்னா கன்னத்துல வெடிச்சுக்கும், கழுவறப்போ திட்டுத்திட்டா வரும், நாகமணி பார்லருக்குப் போய் மூஞ்சியக் கெடுத்துக்கிட்டேன்னு நீங்க பேங்க்ல சொல்லுவீங்க. இப்பத்தான் மாத்தலாகி கோபிக்கு வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா எனக்கெதுக்கு அந்தக் கெட்ட பேரு? தலைய ஆட்டவும் வேண்டாம். நானே பேசிக்கறேன். எனக்கு அது ஒண்ணும் சிரமமில்லீங்க.

உக்காரறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டீங்களே, செவுத்துல கண்ணாடி போட்டு ஒரு சர்ட்டிபிகேட் மாட்டியிருக்குதே, அந்த ஊசி இங்க போடுவீங்களான்னு. நெத்திக் கோடு போறதுக்குப் போடற ஊசி. போடுவேனுங்க. ஏன் போடமாட்டேன்? பெங்களூர் போய் முறையாப் படிச்சு, பரிச்சை எழுதி வாங்கிட்டு வந்தது அது. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் போட்டதில்லை. போட விட்டாத்தானுங்களே! அந்த அக்குறும்பைத்தான் உங்ககிட்டச் சொல்லப் போறேன். நீங்க படிச்சவங்க, நாயம் சொல்லுங்க. இப்ப இல்ல, கழுவினதுக்கப்புறம்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நான் வெறும் பியூட்டீசியன் இல்லீங்க, நர்ஸு. ஈரோட்டுல ஒரு பெரிய ஆசுபத்திரியில பிரசவ வார்டுல இருந்தவ. எங்கிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க, நான் போட்டு முடிச்சுப் பஞ்சு வெச்சு அமுத்தினதுக்கப்புறம், "எப்ப சிஸ்டர் போடுவீங்க?"ன்னு கேப்பாங்க. கை அப்படி. எந்த டாக்டருக்கும் அந்தக் கை வராது. அதை நான் டாக்டருங்க முன்னாடியே சொல்லுவேன். அதனாலதான் உனக்கு அங்க மேல ஏத்தமே குடுக்கலைன்னு என்ற வூட்டுக்காரர் சொல்லுவாரு. அவருக்கென்ன தெரியும், அவரு மஞ்சமண்டியில கணக்கப்புள்ள.

பையன் பொறந்தப்புறம் நைட் டூட்டி ஒத்து வரல. வேலைய விட்டுட்டு இந்தப் பார்லரை வெச்சேன். நல்லாத்தான் போச்சு. ஆனா ஊசி புடிச்ச கை நூலு புடிச்சுப் புருவம் எடுத்துக்கிட்டே இருந்தா அதுக்கு ஆறுதல் கெடைக்குமா? அப்பத்தான் இந்தப் படிப்பைப் பத்திக் கேள்விப்பட்டுப் போனேன். அங்க சொல்லிக் குடுத்தவரு மொத நாளே சொன்னாரு, குத்தறது யாருக்கும் வந்துரும், முகத்தைப் படிக்கறதுதான் வித்தைன்னு. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சுங்க. ஏன்னா அது எனக்குப் பொறவியிலயே இருக்குது. ஒருத்தர் வாசப்படி ஏறி வந்து உக்காரறதுக்குள்ள அவங்க மூஞ்சிய நான் படிச்சு முடிச்சிருவேன். உங்களுக்கு எடது புருவம் வலதை விட ஒரு நூலு ஏத்தம். உங்களுக்கே தெரியாது, இல்லீங்களா? சிரிக்காதீங்க, பேக் போயிரும்.

படிப்பெல்லாம் முடிஞ்சு, கடைசி நாளு எல்லாரும் போட்டோ புடிக்க வரிசையா நிக்கறப்பத்தான் அந்த மனுசன் மெதுவாச் சொல்றாரு: இது டாக்டர் சீட்டு எழுதினாத்தான் வாங்க முடியும், யாரு பேருக்கு எழுதினாங்களோ அவங்களுக்குத்தான் போடவும் முடியும், ஊருக்குப் போய் ஒரு டாக்டரைப் புடிச்சுக்குங்கன்னு. இதை மொத நாளே சொல்ல மாட்டாரா? விருந்தெல்லாம் போட்டு, கை கழுவ வெச்சுட்டு, இது வேற ஒருத்தர் எலைன்னு சொன்னாப்பல இருந்துது. இருந்தாலும் போட்டோவுல நான் சிரிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். அங்க பாருங்க, மொத வரிசையில, மயில் கழுத்துக் கலர் சேலை.

டாக்டரைப் புடிக்கறதா பெரிய வேலை? நம்ம சத்தி ரோட்டுல தோல் டாக்டர் ரெஜினான்னு ஒருத்தங்க புதுசா வந்திருந்தாங்க. சின்ன வயசு. நான் பிரசவ வார்டுல தூக்கிக் குடுத்த கொழந்தைங்க வயசுதான் இருக்கும். முடியக் கழுத்தோட வெட்டி விட்டிருப்பாங்க. பேச்சு ரொம்பக் கம்மி. நான் போய் என்ற அனுபவமெல்லாம் சொல்லி, சர்ட்டிபிகேட்டைக் காட்டி, "நான் ஆளைக் கொண்டாரேன், நீங்க சீட்டு எழுதுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா?

"ஒவ்வொருத்தரையும் நான் நேர்ல பார்க்கணும். பார்த்து, எழுதலாம்னு தோணினா எழுதுவேன். ஊசி இங்கதான் போடணும், நான் இருக்கறப்போ."

"போட்டோ அனுப்பினாப் போதாதுங்களா டாக்டர்?"

"போதாது."

"போன்ல வீடியோவுல காட்டினா?"

"முடியாது."

"இதென்னங்க, பொண்ணு பார்க்கறாப்பல ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சுப் பார்க்கோணுமா?"

"ஆமா."

அவ்வளவுதான். காசு குடுத்துப் பேச்சு வாங்கறவங்களாட்ட அத்தனை சிக்கனம். சரி போச்சாது, சட்டம்னா சட்டம்தான்னு வந்துட்டேன். எனக்கு மட்டும் மரியாதை தெரியாதா?

அப்பத்தான் கோமதியம்மா வந்து சேந்தாங்க. பவர்லூம் கோமதியம்மான்னா ஊருல எல்லாருக்கும் தெரியும். மகனுக்கு வைகாசியில கண்ணாலம். பொண்ணு வூடு காங்கயத்துல பெரிய எடம். மாப்பிள்ளையோட அம்மா, மேடையில நிக்கோணும், வீடியோக்காரன் கிட்டக்க வந்து வந்து எடுப்பான், நெத்தியில கோடு கோடாத் தெரியுது நாகமணி, எதாச்சும் பண்ணுன்னு வந்து நிக்கறாங்க. என்ற மொத ஆளு! அவங்களுக்குப் போட்டு அந்த நெத்தி பளிச்சுன்னு மேடையில நின்னுதுன்னா, மண்டபத்துல இருக்கற அத்தனை பொம்பளைங்களும் மக்யா நாளு விடியறப்பவே இந்த வாசல்லதான் நிப்பாங்க. நான் அப்பவே பெரிய போர்டுக்கு ஆள் சொல்லிட்டேன்.

"ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தரலாங்க அம்மா"ன்னேன். அவ்வளவுதான், கோமதியம்மா எந்திரிச்சுட்டாங்க.

"எந்த டாக்டரு? தோல் டாக்டரா? ஏன் நாகமணி, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? என்ற காரு அந்த வாசல்ல நின்னா, காங்கயத்துக்குச் சேதி போக எத்தனை நேரமாகும்? மாப்பிள்ளை வூட்டுல வெண்படையாம்னு பேசிக்குவாங்க. கண்ணாலம் நின்னு போகும். நீ போடறதா இருந்தாப் போடு, இல்லைன்னா நான் கோயமுத்தூர் போய்க்கறேன்."

அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. இங்க பொண்ணு குடுக்கறவங்க ஒரு குடும்பத்தைப் பத்தி மொதல்ல விசாரிக்கறது தோட்டம் தொறவு இல்ல, தோலுதான். எனக்கு ரோசனையா ஆயிருச்சு. இந்தப் பக்கம் டாக்டரு பார்க்காம எழுத மாட்டாங்க. அந்தப் பக்கம் கோமதியம்மா பார்க்க வர மாட்டாங்க. நடுவுல நான் நிக்கறேன், கையில சர்ட்டிபிகேட்டோட.

ரெண்டு பேரு மனசும் நோகாம இதை எப்படி முடிக்கறதுன்னு ரோசிச்சப்பத்தான் வசந்தாமணி ஞாபகம் வந்துது.

வசந்தாமணி என்ற ஓரகத்திங்க. என்ற வூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். எல்லாரும் ஒரே வூடு, ஒரே அடுப்பு. நல்ல புள்ளதான், கொறை சொல்ல மாட்டேன். என்ன, கொஞ்சம் சோம்பேறி. கொஞ்சம்னா கொஞ்சமில்ல. ஒரு வருசமாவே அவ சங்கதி சரியில்ல. காலையில நல்லாத்தான் இருப்பா. பொழுது சாஞ்சாப் போதும், அரைக்கண்ணைப் போட்டுக்கிட்டுத் தூங்கி வழிவா. ஒறம்பரை வந்து உக்காந்திருப்பாங்க, இவ பாதிக் கண்ணுலதான் பார்ப்பா, வந்தவங்க என்ன நெனைப்பாங்க? சோறு போட்டா நாலு வாய் மென்னுட்டுப் பாதித் தட்டோட எந்திரிச்சுப் போயிருவா. என்ற சமையலு அவளுக்கு எளக்காரம். பார்லர்ல சித்த கூட நில்லு புள்ளன்னா, ஒருத்தருக்குத் தலை சீவி விடறதுக்குள்ள கையத் தொங்கப் போட்டுருவா. பேச்சு வேற, ராத்திரியானா மூக்காலதான். டிவி சீரியல்ல வர்ற ஒருத்தியப் பார்த்து அப்படிப் பேசப் பழகிக்கிட்டான்னு நாங்க எல்லாருமே சிரிப்போம். அவளும் எங்களோட சேந்து சிரிப்பா.

ஆனா நெத்தி இருக்குது பாருங்க! கோமதியம்மாவுக்கு நாலு கோடுன்னா இவளுக்கு நாலும் ஆழமா இருக்கும். இந்த வயசுல இத்தனை கோடு எப்படி வந்துதுன்னு நானே ஆச்சரியப்படுவேன். ஒரு வேலையும் செய்யாம, கவலையும் படாம, எப்பப் பாரு புருவத்தை மேல தூக்கி வெச்சுக்கிட்டே இருப்பா. டாக்டருக்குக் காட்ட இதை விட நெத்தி எங்க கெடைக்கும்? ஊசி என்னமோ கோமதியம்மாவுக்குத்தான், சீட்டு கைக்கு வந்ததும் பார்லர்லயே கமுக்கமாப் போட்டுருவேன், முகத்தைக் காட்டறது மட்டும் இவ. முகம் முகந்தானுங்களே?

அவளைச் சும்மா கூட்டிட்டுப் போகலீங்க. அதுவும் சொல்லிடறேன். ஒரு பாட்டில் மருந்து ஒடச்சா ஒருத்தருக்குப் போட்டது போக மிச்சம் இருக்கும். அதை வெச்சு வூட்டுலயே வசந்தாவுக்குப் புருவத்துக்குப் பக்கத்துல ஒண்ணு போட்டு, அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணைக் கொஞ்சம் தூக்கி விட்டுரலாம்னு நான் முடிவே பண்ணியிருந்தேன். "உனக்கு ஓசியில புள்ள"ன்னேன். அவளும் சரிங்க அக்கான்னா. நான் சொன்னா அவ எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல.

நாலு பேரு கண்ணுல படாம இருக்கறதுக்காகப் பொழுதோட, இருட்டற நேரமாப் பார்த்துத்தான் அப்பாயின்ட்மெண்ட் கேட்டேன். ஸ்கூட்டர்ல போற வழியெல்லாம் சொல்லிக் குடுத்துட்டே போனேன். பேரு கேட்டாக் கோமதி. வயசு கேட்டா அம்பத்தி ரெண்டு. சக்கரை இருக்குதா, ரத்தக் கொதிப்பு இருக்குதா, என்ன கேட்டாலும் இல்லீங்க டாக்டர். வேற வாயே தொறக்காதே.

உள்ள போய் உக்காந்தோம். டாக்டர் அவளைப் பார்த்தாங்க.

"பேரு?"

"கோமதிங்க."

"வயசு?"

"அம்பத்தி ரெண்டுங்க."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டுத் திரும்பவும் பார்த்தாங்க. நான் சும்மா இருப்பேனா? "நாந்தானுங்க மாசாமாசம் பேசியல் பண்ணி விடறேன், அதுதான் வயசே தெரியல"ன்னு போட்டேன் ஒரு போடு. டாக்டர் என்னைய ஒரு பார்வை பார்த்தாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் வழக்கமான கேள்வியெல்லாம் கேட்டாங்க. இவளும் கிளிப்புள்ளையாட்ட இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்லிட்டே வந்தா. நான் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். டாக்டர் சீட்டை எடுத்தாங்க. எழுதப் போனவங்க கை அப்படியே நின்னு போச்சு.

"ஏன் தலைய அண்ணாந்து வெச்சுக்கிட்டே பார்க்கறீங்க?"

அது அவ பழக்கமுங்க டாக்டர்னு நான் சொல்றதுக்குள்ள, அந்தப் புள்ள நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு அவளுக்கு எதுக்கால வந்து உக்காந்துருச்சு. வெரலை மேல தூக்கி, "இதையே பாருங்க. கண்ணை எடுக்காதீங்க"ன்னுச்சு. வசந்தா பார்த்தா. டாக்டர் வெரலை எறக்கவே இல்ல. எனக்குப் பொறுமை போகுது, இதென்ன வெளையாட்டுன்னு. அப்பத்தான் நானும் பார்த்தேன். அவ தூங்கலீங்க. முழிச்சுப் பார்க்கத்தான் பாடுபடறா. புருவத்தை அத்தனை மேல தூக்கறா, நெத்தியெல்லாம் சுருங்குது, ஆனாலும் எமை ரெண்டும் தானாக் கீழ எறங்குது. அவ புடிச்சு நிறுத்தப் பார்க்கறா, அது நிக்க மாட்டேங்குது.

டாக்டர் கொரலைத் தாழ்த்திக் கேட்டாங்க. "சாப்பிடறப்போ தாடை களைச்சுப் போகுதா?"

சொல்லிக் குடுத்தபடி இல்லீங்கன்னு சொல்லோணும். சொல்லலீங்க. அப்படியே டாக்டர் மொகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பின்னாடி இருந்து ஒரு கிள்ளு கூடக் கிள்ளினேன்.

"தண்ணி குடிச்சா மூக்குல ஏறுதா? தலை சீவறதுக்குள்ள கை விழுந்துருதா? சாயங்காலமானாப் பேச்சு மாறுதா?"

அவ்வளவுதான், வசந்தாவுக்குக் கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது. "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"னு கேட்டா. ஜோசியக்காரர் முன்னாடி உக்காந்தவங்க கேக்கறாப்பல. "ஒரு வருசமா இருக்குதுங்க. வூட்டுல சொன்னா வேலை செய்ய நோகுதுன்னு சொல்லுவாங்கன்னு சொல்லலீங்க"ன்னா.

யாரைச் சொல்றாளோ தெரியல. எங்க கொழுந்தனாரு கொஞ்சம் கோவக்காரரு, அவரைத்தான் சொல்லியிருப்பா.

டாக்டர் எந்திரிச்சுப் போய்ப் பிரிட்ஜைத் தொறந்து, ஒரு கையுறையில ஐஸ் கட்டியப் போட்டுக் கட்டி, அவ எடது கண்ணு மேல வெச்சாங்க. சித்த நேரங்கழிச்சு எடுத்தாங்க. மேடம், நான் பிரசவ வார்டுல பார்க்காத அதிசயமில்ல. ஆனா அப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லீங்க. அந்த ஒரு கண்ணு மட்டும் கடை ஷட்டரைத் தூக்கினாப்பல மேல போயிருச்சு. இந்தப் பக்கம் பாதிக் கண்ணு, அந்தப் பக்கம் முழுக் கண்ணு.

"ஐஸ் வெச்சாலே கண்ணு தொறக்குதுன்னா ஊசியே தேவையில்ல போலருக்குதுங்களே டாக்டர்"னேன். நல்ல சந்தேகந்தானுங்களே?

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் சொன்னாங்க. நரம்பு சொல்ற சேதி தசைக்குப் போய்ச் சேராத ஒரு வியாதி இருக்குது, அதுவா இருக்கலாம், கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட உடனே காட்டணும், பயப்படாதீங்க, மாத்திரை இருக்குதுன்னு. அப்புறம் எம் பக்கம் திரும்பினாங்க. "இவங்களுக்கு இந்த ஊசி போடவே கூடாது. அதுவும் அதே வேலையத்தான் செய்யும், நரம்பையும் தசையையும் பிரிக்கும். போட்டிருந்தா முழுங்க முடியாமப் போயிருக்கலாம். மூச்சு விட முடியாமக் கூடப் போயிருக்கலாம்."

அந்த எடத்துலதான் நான் உள்ளதைச் சொல்லிட்டேன். வேற வழி? இல்லைன்னா கோமதியம்மாவுக்கு எழுதமாட்டாங்களே. "டாக்டர், பதறாதீங்க. இவ பேசண்டே இல்லீங்க. இவ என்ற ஓரகத்தி, பேரு வசந்தாமணி, வயசு முப்பத்தி எட்டு. சும்மா மொகம் காட்ட வந்தவ. நெஜக் கோமதியம்மா நல்லாத்தான் இருக்கறாங்க, கல்லாட்ட. அதனால நீங்க தாராளமா எழுதலாம்"னேன்.

அந்தப் புள்ள திட்டும்னு பார்த்தேன். திட்டல. எழுதாத சீட்டை எடுத்து மேசைக்குள்ள வெச்சு மூடிருச்சு. "மிச்ச மருந்தை என்ன செய்யறதா இருந்தீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

வசந்தாதான் சொன்னா. "எனக்குப் போடறதா அக்கா சொல்லியிருந்தாங்க. ஓசியில." கோள் சொல்றாப்பல இல்லீங்க, எம் மேல பிரியத்துலதான் சொன்னா. அக்கா எனக்கு இத்தனை செய்யறாங்கன்னு டாக்டருக்குத் தெரியட்டும்னு.

திரும்பி வர்றப்போ ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து என்ற முதுகுல தலைய சாச்சுக்கிட்டா. வேற நாளா இருந்தா, எந்திரிச்சு உக்காரு, வண்டி ஆடுதுன்னு அதட்டியிருப்பேன். அன்னைக்குப் பெட்ரோல் பங்க் தாண்டினதும் வண்டிய ஓரங்கட்டிட்டேன். என்னாச்சுங்க அக்கான்னா. கண்ணுல தூசின்னேன். தூசிதானுங்க, சத்தி ரோடு எப்பவும் அப்படித்தான்.

அப்புறம் கோயமுத்தூருக்கு நாந்தான் கூடப் போனேன். கொழுந்தனாரு வந்தாரு, ஆனா அவரு வெளிய காபி குடிக்கத்தான் லாயக்கு. ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சை ஸ்கேன் எடுத்தாங்க, அந்த வியாதியேதான்னு சொன்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சாங்க. முழுசாப் போயிருமான்னா, போகாதாம், மாத்திரையிலயே வெச்சுக் காப்பாத்தலாமாம். ஒரு வாரங்கழிச்சு ஒரு நாள் பொழுதோட, நான் அடுப்புல நிக்கறேன், வசந்தா வந்து அக்கான்னா. திரும்பிப் பார்க்கறேன். ரெண்டு கண்ணும் முழுசாத் தொறந்திருக்குது. பன்னெண்டு வருசமா அவ எங்க வூட்டுல இருக்கறா. கண்ணாலமாகி வந்தப்போ அவளுக்கு அத்தனை பெரிய கண்ணுன்னு ஊரே சொன்னதுங்க, எனக்கு அது மறந்தே போச்சு. அன்னைக்கு உக்காந்து ஒரு தட்டுச் சோறு முழுசாத் தின்னா. ரசம் ஊத்தி ரெண்டாவதும் வாங்கினா. நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். தின்னுட்டு, "ரசத்துல உப்புக் கொறைச்சலுங்க அக்கா"ங்கறா! பார்த்தீங்களா? கண்ணு தொறந்ததும் வாயும் தொறந்துருச்சு.

இப்ப நாயம் சொல்லுங்க. அவளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது யாரு? நான். நான் ஆள் மாத்திக் கூட்டிட்டுப் போகலைன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? கொழுந்தனாருக்கா? எங்க மாமியாருக்கா? இருந்தும் டாக்டர் ரெஜினா எனக்கு ஒரு நன்றி சொல்லல. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, "இனிமே ஆள் மாத்தினா உள்ளயே விட மாட்டேன்"னாங்க. கொஞ்ச நாளு கழிச்சுத்தான் எறங்கி வந்து, "வர்றவங்களை முதல்ல நீங்க கேளுங்க, சரியா இருந்தா அனுப்புங்க, நான் பார்க்கறேன்"னு சொல்லி, என்னென்ன கேக்கோணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அதுல தலையிடறது இல்லீங்க நான், சொன்னபடி கேக்கறேன்.

கோமதியம்மாவைக் கேட்டீங்கன்னா, அது ஒரு சோகம். கண்ணாலத்துக்கு மூணு நாளு இருக்கறப்போ வந்து, ஊசி எங்கடின்னாங்க. நான் முறைப்படி, "உங்களுக்குச் சோறு முழுங்கறப்போ அடைக்குதுங்களா? பொழுதோட பார்க்கறதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்களா?"ன்னு கேட்டேன். கண்ணால வூட்டுக்காரியப் பார்த்து வியாதி இருக்குதான்னு கேக்கறயான்னு தாம்தூம்னு குதிச்சுட்டுப் போனவங்கதான். கோட்டோடவே மேடையில நின்னாங்க. ஒருத்தரும் அவங்க நெத்தியப் பார்க்கல, எல்லாரும் பொண்ணு நகையத்தான் பார்த்தாங்க. ஆனா தோல் டாக்டர் வாசல்ல எங்க வசந்தாவைப் பார்த்தவங்க, எங்க குடும்பத்துக்கே வெண்படைன்னு இன்னைக்கும் பேசறாங்க. என்ற பையனுக்குப் பொண்ணு தேடறப்போ தெரியும்.

அப்புறமும் ஆளுங்க வராம இல்லீங்க. ஒரு டீச்சர் வந்தாங்க. கேட்டேன். கொழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருக்கறாங்க, போய் வாங்கன்னுட்டேன். ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் வந்தாங்க, என்னமோ மாத்திரை சாப்பிடறாங்க, பேரு தெரியாதுங்கறாங்க. பேரு தெரிஞ்சதும் வாங்கன்னேன், வரவேயில்ல. ஒரு புள்ள வந்துச்சு, இருவத்தி மூணு வயசு, நெத்தி பளிங்காட்ட இருக்குது. கண்ணு, உனக்கு எதுக்குடி ஊசின்னு, தலைக்கு எண்ணெய் வெச்சு அனுப்பிட்டேன். டாக்டரே போன் பண்ணி, "என்ன நாகமணி, ஒருத்தரைக் கூட அனுப்ப மாட்டேங்கறீங்க?"ன்னு கேக்கறாங்க. கேலி. சட்டத்தை இத்தனை கெடுபிடியாப் போட்டு வெச்சது நீங்கதானேன்னு நான் சொல்லிட்டேன். இந்தச் சட்டம் இருக்கற வரைக்கும் நான் எப்படிப் பொழைக்கறது, சொல்லுங்க? எங்க பெங்களூர் வாத்தியாரு ஐயா வந்து பார்த்தா அழுதுருவாரு.

சரி, பேக் காஞ்சுருச்சு. கண்ணை மூடிக்குங்க, பச்சைத் தண்ணிதான். ஆங், அப்படித்தான். பார்த்தீங்களா, மூஞ்சி எத்தனை வெளிச்சமா இருக்குது. தொடைச்சுக்குங்க.

என்னங்க? சிரிக்கறீங்க? இருந்தாலும் போட்டுக்கணுமா? சத்தி ரோட்டுக்கு நாளைக்கே போகலாம்னா சொல்றீங்க? சந்தோசமுங்க. நீங்கதான் என்ற மொத ஆளு. உங்க மூஞ்சியையும் நீங்க வந்தவுடனே நான் படிச்சுட்டேன், ஒரு கொறையும் இல்ல.

ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. வசந்தா, அந்த லைட்டைப் போடு புள்ள. இப்படி வந்து நீயும் பாரு. மேடம், தலைய ஆட்டாதீங்க, கண்ணை மட்டும் தூக்கி மேல ஃபேனைப் பாருங்க. பார்த்துட்டே இருங்க. புருவத்தைத் தூக்காதீங்க. இன்னுங் கொஞ்ச நேரம். பேங்க்குக்கு நேரமாச்சுன்னா ஆகட்டுங்க, எங்களுக்கு அவசரமில்ல.